விரலுக்குப் பதில் சொல்லும் துணிப் புத்தகம்

(தொடக்கநிலை, உயர்நிலை ஆசிரியர்கள் பங்கேற்ற பணிமனையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்கள் வரிசையில் இப்போது ஒரு துணிப் புத்தகம் கைமாறி வருகிறது. தயங்காமல் இழுத்துப் பாருங்கள், மடக்கிப் பாருங்கள், கசக்கியும் பாருங்கள். எங்கள் நடுநிலைப் பள்ளியின் எட்டாம் வகுப்பு மாணவர்கள், அதே பள்ளியின் முதல் வகுப்புக் குழந்தைகளுக்காகத் தைத்த புத்தகம் அது. காடாத் துணியில் ஆறு பக்கங்கள். முதல் பக்கத்தில் ஒரு வீடு. கதவின் ஓரத்தில், ரவிக்கைக்குத் தைக்கிறோமே, அந்தக் கொக்கியும் வளையமும் இருக்கின்றன. கொக்கியை மாட்டினால் ஜன்னலுக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு எரியும். கழற்றினால் அணையும். பக்கத்தைத் தடவிப் பாருங்கள், கம்பி எதுவும் தட்டுப்படாது. மின்சாரம் போவது தைத்த நூல் வழியாக.

நூல், துணி, கொக்கி, பிரஸ் பட்டன் போன்றவற்றைக் கொண்டே மின்சுற்று அமைப்பதை மென்மின்னணுவியல் என்று சொல்லலாம். மின்னணுவியல் என்றதும் இது மேல்வகுப்புக்கு உரியது என்று தொடக்கநிலை ஆசிரியர்கள் நினைக்கக்கூடும். துணிப் புத்தகம் என்றதும் இது அங்கன்வாடிக்கு உரியது என்று உயர்நிலை ஆசிரியர்கள் நினைக்கக்கூடும். இரு சாராருக்கும் இதில் வேலை இருக்கிறது. அதனால்தான் இரு சாராரும் இருக்கும் அவையில் பேச விரும்பினேன்.

நான் சொல்ல வந்தது ஒரே செய்திதான். பக்கம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். குழந்தை தன் விரலால் ஒன்றைச் செய்ய வேண்டும். அதற்குப் புத்தகம் சொல்லும் பதிலாக விளக்கு எரிய வேண்டும். கேள்வியும் செயலும் இல்லாமல் விளக்கு மட்டும் எரிந்தால் அது கண்காட்சிப் பொருள். கண்காட்சி முடிந்ததும் அலமாரிக்குள் போய்விடும். நம் பள்ளிகளில் எத்தனையோ துணைக்கருவிகள் குழந்தையின் கை படாமலே பழசாகின்றன என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

துணியில் எதற்குப் புத்தகம்?

துணிப் புத்தகம் புதிய சிந்தனை அன்று. 1903இல் லண்டனில் டீன்ஸ் ராக் புக் என்ற நிறுவனம் குழந்தைகளுக்காகத் துணியில் அச்சிட்ட புத்தகங்களை வெளியிடத் தொடங்கியது. தாளைக் கிழிக்கிற, வாயில் வைக்கிற வயதுக்கு அது ஏற்றதாக இருந்தது. 1980இல் இத்தாலிய வடிவமைப்பாளர் புரூனோ முனாரி இன்னும் ஒரு படி மேலே போனார். உள்ளங்கை அளவிலான பன்னிரண்டு சிறு புத்தகங்களை உருவாக்கினார். மரம், துணி, தாள், பிளாஸ்டிக் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு பொருளில் இருக்கும். படிக்க எழுத்து இராது. எழுத்து தெரியாத குழந்தைக்கும் பக்கத்தைப் புரட்டினால் ஏதோ ஒன்று காத்திருக்கிறது என்ற அனுபவம் கிடைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

மரியா மாண்டிசோரியை நமக்கு நன்றாகத் தெரியும். 1939இல் அவர் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவருடைய கருவிகளில் மரச்சட்டத்தில் துணி பூட்டிய ஒரு வகை உண்டு. ஒன்றில் பட்டன், ஒன்றில் கொக்கி, ஒன்றில் நாடா முடிச்சு. குழந்தை போட்டுக் கழற்றிப் பழகும். விரல் பழகுவதும் மனம் ஒருமுகப்படுவதும் ஒன்றாக நடக்கும்.

முதல் வகுப்பு ஆசிரியர்கள் தினமும் பார்க்கிற காட்சி ஒன்று உண்டு. பென்சிலை உள்ளங்கை முழுவதாலும் இறுக்கிப் பிடித்து, தாள் கிழியும்படி அழுத்தும் குழந்தை. அந்தக் குழந்தைக்கு இன்னும் பத்துப் பக்கம் எழுதக் கொடுப்பதைவிட, கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து செய்யும் வேலைகளைக் கொடுப்பது பயன் தரும். கொக்கி மாட்டுவது, பிரஸ் பட்டனை அழுத்துவது, சிறு துணி மடிப்பை நுனி விரலால் தூக்குவது எல்லாம் அப்படிப்பட்ட வேலைகள். துணிப் புத்தகத்தில் இவை கதைக்குள்ளேயே வந்துவிடுகின்றன.

நூலில் ஓடும் மின்சாரம்

1990களின் இறுதியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேப் ஆய்வாளர்கள் மேகி ஓர்த், ரெமி போஸ்ட் ஆகியோர், மெல்லிய உலோகத் தகடு சுற்றிய பட்டு இழைகளால் நெய்த துணியில் மின்சுற்று அமைத்துக் காட்டினார்கள். உலோகம் சுற்றிய பட்டு இழை என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? நம் வீட்டுச் சரிகைதான். அசல் சரிகை என்பது தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைப் பட்டு நூலின் மேல் சுற்றிப் பொன்முலாம் பூசியது. அது மின்கடத்தி. இன்று பரவலாகக் கிடைக்கும் பல சரிகைகள் பாலியெஸ்டர் இழையின் மேல் உலோகப் பூச்சு கொண்டவை. அவற்றில் பெரும்பாலும் விளக்கு எரியாது. பழைய புடவைக் கரைத் துண்டுகள் நாலைந்தைக் கொண்டுவரச் சொல்லி, பேட்டரியும் எல்.இ.டி.யும் வைத்து எது கடத்துகிறது, எது கடத்தவில்லை என்று சோதிக்கச் சொல்லுங்கள். மின்கடத்தி, மின்கடத்தாப் பொருள் பாடத்துக்கு இதைவிடச் சுவையான தொடக்கம் கிடைப்பது அரிது.

2007இல் லியா பூக்லி என்ற ஆய்வாளர் உருவாக்கிய லில்லிபேட் என்ற சிறு கணினிப் பலகை விற்பனைக்கு வந்தது. வட்டமான அந்தப் பலகையின் ஓரம் முழுவதும் ஊசி நுழையும் துளைகள் இருக்கும். பட்டன் தைப்பதுபோல் துணியில் தைத்துவிடலாம். பின்னர் அவரும் ஜீ சீ என்ற மாணவியும் சேர்ந்து, திறந்தால் எழுந்து நிற்கும் தாள் புத்தகம் ஒன்றில் விளக்கும் ஒலியும் சேர்த்துக் காட்டினார்கள்.

நமக்கு இப்போது கணினிப் பலகை தேவையில்லை. ஒரு விளக்கு, ஒரு சாவி, ஒரு பேட்டரிப் பெட்டி போதும். புதிதாக வாங்க வேண்டியது மின்கடத்து நூல் மட்டுமே. துருப்பிடிக்காத எஃகு இழையில் முறுக்கிய நூலும், வெள்ளிப் பூச்சுள்ள நைலான் நூலும் மின்னணுப் பொருள் விற்பவர்களிடம் கிடைக்கின்றன. எஃகு நூல் சற்று முரடாக இருக்கும். ஆனால் நீடித்து உழைக்கும். பெரிய காதுள்ள ஊசி இருந்தால் மாணவர்களே கோத்துவிடுவார்கள்.

விளக்குக்கு முன் கதை

மின்னணுக் கதைப் புத்தகங்களைப் பற்றி நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கதையோடு பொருந்திய அசைவும் ஒலியும் குழந்தை கதையைப் புரிந்துகொள்ளத் துணை செய்கின்றன. கதையோடு தொடர்பில்லாத விளையாட்டுகளும், தொட்டால் துள்ளும் படங்களும் புரிதலைக் குலைக்கின்றன. அவர்கள் ஆராய்ந்தது திரையில் வரும் புத்தகங்களை. ஆனால் துணியில் விளக்கு தைக்க உட்காரும் நமக்கும் அது பெரிய எச்சரிக்கை.

எங்கள் மாணவர் குழு ஒன்று தைத்த பக்கத்தில் இதைக் கண்ணால் பார்த்தோம். பூனை ஒளிந்திருக்கும் தோட்டம் அது. முதலில் தைத்தபோது வேலியோரம் முழுவதும் தானாக மின்னும் பல வண்ண விளக்குகள் வைத்திருந்தார்கள். முதல் வகுப்புக் குழந்தைகள் ஆசையாகப் பார்த்தார்கள். "பூனை எங்கே?" என்று கேட்டால் யாருக்கும் நினைவில்லை. குழுவே உட்கார்ந்து பேசி, எல்லா விளக்கையும் பிரித்து எடுத்தார்கள். இப்போது அந்தப் பக்கத்தில் மூன்று இலைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். பூனை இருக்கும் இலையைத் தூக்கி, எதிரே உள்ள கிளையில் பிரஸ் பட்டனால் மாட்டினால் பூனையின் இரண்டு கண்களும் ஒளிரும். மறுநாள் குழந்தைகள் பேசிக்கொண்டது பூனையைப் பற்றி. "ஏன் ஒளிஞ்சிருக்கு?", "அதுக்குப் பயமா?" என்று பேச்சு நீண்டது. மொழிப் பாடத்துக்கு நமக்கு வேண்டியது அந்தப் பேச்சு.

அதிலிருந்து எங்கள் வகுப்பில் ஒரு சோதனை வழக்கமாகிவிட்டது. பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பக்கத்தைக் குழந்தையிடம் கொடுப்போம். விளக்கு இல்லாமலே தூக்கவும், மாட்டவும், எண்ணவும், பேசவும் அதில் ஏதாவது இருந்தால் பக்கம் தேர்ச்சி. ஒன்றும் இல்லையென்றால் மீண்டும் வடிவமைக்க வேண்டும். பேட்டரி எப்படியும் ஒருநாள் தீரும். அன்றைக்கும் அது புத்தகமாக இருக்க வேண்டும்.

மூன்று பக்கங்கள்

நீங்கள் பார்த்த புத்தகத்திலிருந்து மேலும் மூன்று பக்கங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, மின்மினிப் பக்கம். கறுப்புத் துணியில் மரம். மரத்தடியில் மூன்று துணி மின்மினிகள் நாடாவில் தொங்குகின்றன. "மூன்று மின்மினிகளையும் மரத்தில் ஏற்று" என்பது பக்கத்தின் கோரிக்கை. ஒன்றை மரத்தில் மாட்டினால் ஒரு விளக்கு, இரண்டை மாட்டினால் இரண்டு. எண்ணிக்கை கூடக் கூட ஒளியும் கூடுகிறது. குழந்தை ஒவ்வொன்றையும் மாட்டும்போது வாய்விட்டு எண்ணும்.

இரண்டு, குறில் நெடில் பக்கம். இடப்பக்கம் அணில் படமும் ஆடு படமும். வலப்பக்கம் "அ", "ஆ" என்று இரண்டு துணி எழுத்துகள், நாடாவோடு. சரியான எழுத்தைப் படத்தின் அருகே மாட்டினால் படத்துக்கு மேலே விளக்கு எரியும். தவறான எழுத்தை மாட்டினால் ஒன்றும் நடக்காது. தவறுக்குச் சிவப்பு விளக்கோ, கீச்சென்ற ஒலியோ வைக்க வேண்டாம் என்று மாணவர்களிடம் முன்கூட்டியே பேசி முடிவு செய்தோம். யாரும் தவறு என்று சொல்லாமல் குழந்தை தானே மாற்றி மாட்டிப் பார்க்கும். மாண்டிசோரி வலியுறுத்திய தற்திருத்தமும் இதுதான். மின்சுற்றில் இதற்குத் தந்திரம் ஒன்றுமில்லை. பிரஸ் பட்டனின் மேல்பாதியை மின்கடத்து நூலால் தைக்கும் இடத்தை "அ"வுக்கு ஒருபுறமும் "ஆ"வுக்கு மறுபுறமும் மாற்றி வைத்தால் போதும்.

மூன்று, மழைப் பக்கம். இதில் விளக்கு இல்லை. மேகத்தை அழுத்தினால் சிறிய பசர் ஒன்று ஒலிக்கும். மேகத்துக்குள் மெல்லிய ஸ்பாஞ்சு, அதன் நடுவில் ஓட்டை, மேலும் கீழும் மின்கடத்து நூலால் நெருக்கமாகத் தைத்த துணித் துண்டுகள். அழுத்தும்போது ஓட்டை வழியாக இரண்டும் தொட்டுக்கொள்ளும். பார்வைக் குறைபாடுள்ள குழந்தை உங்கள் வகுப்பில் இருந்தால் விளக்கு அந்தக் குழந்தைக்குப் பதில் ஆகாது. ஒலியும், சொரசொரப்பும், வழவழப்பும்தான் பதில். பார்வையற்ற குழந்தைகளுக்காகத் தொட்டுணரும் புத்தகங்களையே உருவாக்கும் அமைப்பு ஒன்று பிரான்சில் 1994 முதல் இயங்கிவருகிறது. எந்தப் பக்கத்தை வடிவமைத்தாலும், கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை தடவிப் பார்ப்பது நல்லது.

தண்டவாளம் போல இரண்டு கோடுகள்

இனி மின்சுற்று. ரயில் தண்டவாளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோடு நேர்முனை, மற்றது எதிர்முனை. இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. நடுவே குறுக்குக் கட்டைகளைப் போல எல்.இ.டி.களை இணைக்க வேண்டும். இதுதான் பக்க இணைப்பு. ஒன்று பழுதானாலும் மற்றவை எரியும்.

முதலில் பென்சிலால் துணியின் பின்புறம் இரண்டு கோடுகளையும் வரையச் சொல்லுங்கள். அதன் மேல் நெருக்கமாக நூலோட்டம் ஓட்டினால் போதும். எல்.இ.டி.யின் கால்களை மூக்குக் குறடால் சுருட்டி வளையமாக்க வேண்டும். நீளமான கால் நேர்முனை, அதை வட்டமாகச் சுருட்டுங்கள். குட்டையான கால் எதிர்முனை, அதைச் சதுரமாக மடியுங்கள். தைக்கும்போது முனை மாறாது. வளையத்தை நூலால் நாலைந்து முறை இறுக்கிச் சுற்றித் தைக்க வேண்டும். தளர்வாக இருந்தால் விளக்கு விட்டுவிட்டு எரியும்.

எஃகு நூலின் முடிச்சு எளிதில் அவிழும். முடிச்சின் மேல் நிறமற்ற நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்து, காய்ந்த பிறகு நுனியை ஒட்ட வெட்ட வேண்டும். நுனி நீட்டிக்கொண்டிருந்தால் பக்கத்துக் கோட்டைத் தொட்டு ஷார்ட் சர்க்யூட் ஆகும். பக்கத்தின் பின்புறம் இன்னொரு துணியை வைத்து மூடித் தைத்துவிட்டால் ஒரு பக்கத்தின் நூல் அடுத்த பக்கத்து நூலைத் தொடாது. குழந்தையின் நகமும் நூலில் சிக்காது.

உயர்நிலை ஆசிரியர்களுக்கு இங்கே நிறைய இருக்கிறது. எஃகு நூலின் மின்தடை மீட்டருக்குச் சில பத்து ஓம். தாமிரக் கம்பியோடு ஒப்பிட்டால் மிக அதிகம். 10 செ.மீ., 20 செ.மீ., 40 செ.மீ. நூலை மல்டிமீட்டரில் அளந்து வரைபடம் போடச் சொல்லுங்கள். நீளம் கூடினால் மின்தடை கூடும். இரட்டை நூலாக எடுத்தால் பாதியாகும். பாடநூலில் சூத்திரமாக இருப்பதை, "இந்த விளக்கு மங்கலாக எரிகிறதே, ஏன்?" என்ற கேள்வியாக மாணவரே கேட்பார். சிவப்பையும் நீலத்தையும் ஒரே தண்டவாளத்தில் பக்க இணைப்பில் வைத்தால் சிவப்பு மட்டும் எரியும். சிவப்பு எல்.இ.டி.க்கு ஏறத்தாழ 2 வோல்ட் போதும், நீலத்துக்கு 3 வோல்ட்டை ஒட்டித் தேவை. சிவப்பு எரியத் தொடங்கியதும் நீலத்துக்குப் போதுமான மின்னழுத்தம் கிடைப்பதில்லை. இதை நீங்கள் சொல்ல வேண்டாம். அவர்களே மோதிக் கண்டுபிடிக்கட்டும்.

பட்டன் பேட்டரி வேண்டாம்

இப்போது சொல்லப்போவதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் மறந்தாலும் இது மறக்கக்கூடாது.

மென்மின்னணுவியல் செயல்முறைகளில் பெரும்பாலும் நாணயம் போன்ற 3 வோல்ட் லித்தியம் பட்டன் பேட்டரியைப் பயன்படுத்தச் சொல்வார்கள். மெல்லியது, தைக்க வசதியானது. சிறு குழந்தைகளின் புத்தகத்தில் அதை வைக்கவே கூடாது. குழந்தை அதை விழுங்கி, உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், அங்குள்ள ஈரத்தின் வழியாக மின்சுற்று முழுமையடைகிறது. பேட்டரியின் எதிர்முனைப் பக்கம் கடுமையான காரம் உருவாகித் திசுவை அரிக்கும். 2 மணி நேரத்துக்குள் பெரும் சேதம் ஏற்படலாம். பொம்மையை இயக்க முடியாத "தீர்ந்துபோன" பேட்டரியிலும் அதற்குப் போதுமான மின்னழுத்தம் இருக்கும். அமெரிக்காவில் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று இப்படி இறந்த பிறகு, குழந்தை திறக்க முடியாத பேட்டரி மூடி கட்டாயம் என்று 2022இல் தனிச் சட்டமே இயற்றினார்கள். எங்காவது ஒரு குழந்தை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தால்கூட, வாந்தி எடுக்க வைக்காமல், காத்திருந்து பார்க்காமல், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். 108ஐ அழையுங்கள்.

அப்படியானால் எதைப் பயன்படுத்துவது? ரிமோட்டுக்குப் போடும் 1.5 வோல்ட் பேட்டரிகள் இரண்டு. திருகாணி போட்டு மூடும் பெட்டி. அந்தப் பெட்டியைப் புத்தகத்தின் முதுகில் பை தைத்து உள்ளே வைத்து, பையின் வாயையும் தைத்து மூடிவிட வேண்டும். மாற்றும்போது தையலைப் பிரித்து மாற்றுவது ஆசிரியர் வேலை.

பெட்டியிலிருந்து வரும் நேர்முனைக் கம்பியிலேயே 100 ஓம் மின்தடை ஒன்றை இணைத்துவிடுங்கள். ஓம் விதிப்படி கணக்கிடுங்கள். 3 வோல்ட்டில் எல்.இ.டி. எடுத்துக்கொள்வது 2 வோல்ட் போக மீதி 1 வோல்ட். 100 ஓமில் 10 மில்லி ஆம்பியர். விளக்குக்கு அது தாராளம். தண்டவாளம் இரண்டும் தொட்டுக்கொண்டு ஷார்ட் ஆனால்? 3 வோல்ட், 100 ஓம், 30 மில்லி ஆம்பியர். நூல் சூடாகாது, பேட்டரிதான் வீணாகும். ஒரு சிறு மின்தடை குழந்தையின் கையைக் காக்கிறது. ஓம் விதியை எதற்குப் படிக்கிறோம் என்று கேட்கும் மாணவருக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. மழைப் பக்கத்துக்கு மட்டும், இந்த மின்தடையோடும் ஒலிக்கிற குறைந்த மின்னோட்ட பசராகச் சோதித்து வாங்குங்கள். மின்தடையை எடுத்துவிடாதீர்கள். சார்ஜர், அடாப்டர், பவர் பேங்க் எதையும் இந்தப் புத்தகத்தோடு இணைக்கக்கூடாது.

காந்தமும் வேண்டாம். இரண்டு சிறு காந்தங்களை விழுங்கினால் குடலின் சுவரை நடுவில் வைத்து ஒட்டிக்கொள்ளும். மணி, பாசி, தனிப் பட்டன் எதையும் ஒட்டக்கூடாது. மூன்று வயதுக்குட்பட்டோரின் பொம்மைகளைச் சோதிக்க 31.7 மி.மீ. விட்டமுள்ள சிறு உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் அடங்கும் எந்தப் பகுதியும் கழன்று வரக்கூடாது. முதல் வகுப்புக் குழந்தைக்கு வயது கூடுதல்தான். ஆனால் புத்தகம் வீட்டுக்குப் போனால் அங்கே தம்பியோ தங்கையோ இருப்பார்கள். ஒவ்வொரு கொக்கியையும் பெரியவர் ஒருவர் முழு வலுவோடு இழுத்துப் பார்த்த பிறகே வகுப்புக்குக் கொடுங்கள்.

தைப்பவரும் படிப்பவரும்

இந்தப் புத்தகத்தை ஆசிரியரே தைத்துக் கொடுக்கலாம். கடையில் தைக்கவும் கொடுக்கலாம். மேல்வகுப்பு மாணவர்கள் தைத்தால்தான் இரண்டு வகுப்புகளுக்கும் பயன் என்பது என் கருத்து.

தைத்து முடித்த அன்று எட்டாம் வகுப்பு மாணவி ஒருவர் முதல் வகுப்பில் தரையில் உட்கார்ந்து தன் பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். குழந்தை கொக்கியை மாட்டியது. விளக்கு எரியவில்லை. "அக்கா, எரியலக்கா." பக்கத்தைத் திருப்பித் தடவிப் பார்த்து, எந்த இடத்தில் தையல் தளர்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, அங்கேயே இரண்டு தையல் போட்டுக் கொடுத்தார். மின்சுற்றில் எங்கே தொடர்பு அறுந்திருக்கிறது என்று தேடும் திறனைத் தேர்வு வினா ஒன்றில் அளப்பது கடினம். காத்திருக்கும் ஒரு குழந்தைக்காக அது தானாக வெளிப்படுகிறது. மதிப்பெண்ணுக்காகச் செய்யும் செயல்திட்டம் ஒப்படைத்த அன்றோடு முடிந்துவிடும். இன்னொரு குழந்தை படிக்கப்போகிறது என்று தெரிந்தால் தையலின் நெருக்கமே மாறிவிடுகிறது.

இன்னொன்றும் கவனித்தேன். தையல் பெண்களுக்கு, வயரிங் ஆண்களுக்கு என்ற பிரிவு வகுப்பில் சொல்லாமலே நடக்கும். லில்லிபேட் பலகையைக் கொண்டு செய்த படைப்புகளை ஆராய்ந்தபோது பாதிக்கும் மேற்பட்டவற்றைச் செய்தவர்கள் பெண்கள் என்று லியா பூக்லியும் அவர் சக ஆய்வாளரும் 2010இல் எழுதினார்கள். வழக்கமான மின்னணுப் பலகைகளில் நிலைமை நேர்மாறு. ஊசியும் நூலும் வந்ததும் கதவு திறந்திருக்கிறது. நாம் குழுப் பிரிக்கும்போது ஒவ்வொருவரும் தைக்க வேண்டும், ஒவ்வொருவரும் மல்டிமீட்டர் பிடிக்க வேண்டும் என்று விதி வைத்தால் போதும். எங்கள் வகுப்பில் மிக நேர்த்தியாகத் தைப்பவர் ஒரு மாணவர். மின்சுற்றுப் பிழையை மிக வேகமாகக் கண்டுபிடிப்பவர் ஒரு மாணவி.

எங்கே தொடங்குவது?

முழுப் புத்தகத்தில் தொடங்காதீர்கள். ஒரு பக்கம் போதும். நான்கு பாடவேளைகளில் முடித்துவிடலாம்.

முதல் பாடவேளையில் மேல்வகுப்பு மாணவர்களை முதல் வகுப்புக்கு அனுப்புங்கள். குழந்தைகள் எதைத் தொடுகிறார்கள், எதைக் கண்டு சிரிக்கிறார்கள், எந்த எழுத்தில் தடுமாறுகிறார்கள் என்று பார்த்துக் குறித்துக்கொண்டு வரட்டும். இரண்டாவதில் பக்கத்தைத் தாளில் வரைந்து, கேள்வி, செயல், பதில் மூன்றையும் எழுதட்டும். தண்டவாளக் கோடுகளையும் அதிலேயே வரையட்டும். மூன்றாவதில் தையல். நான்காவதில் சோதனை: இழுத்துப் பார்ப்பது, கண்ணை மூடித் தடவிப் பார்ப்பது, பேட்டரி இல்லாமல் குழந்தையிடம் கொடுத்துப் பார்ப்பது. ஒவ்வொரு குழுவும் ஒரு பக்கம் தைத்தால், ஓரத்தில் துளையிட்டு நாடா கட்டிப் புத்தகமாக்கிவிடலாம். பழுதான பக்கத்தை மட்டும் கழற்றிச் சரிசெய்யவும் வசதி.

துணி அழுக்காகும், அழுக்காகட்டும். பேட்டரிப் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கையால் மெதுவாக அலசி, நிழலில் நன்றாக உலர்த்தி, மீண்டும் சோதித்துவிட்டுக் கொடுங்கள். கைப்பிடித்துக் கறுத்த மூலையும் இரண்டாம் முறை தைத்த கொக்கியும் அந்தப் புத்தகம் படிக்கப்படுகிறது என்பதற்கு அடையாளங்கள். பார்வைக்கு வரும் அலுவலருக்குக் காட்டவும் அவையே போதும்.

உங்களில் நடுநிலைப் பள்ளியில் பணிபுரிபவர்களுக்கு இரண்டு வகுப்புகளும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு நடந்துபோகும் தூரத்தில் ஒரு தொடக்கப் பள்ளி இருக்கும். மாலையில் கிளம்புவதற்கு முன் பக்கத்தில் அமர்ந்திருக்கும் ஆசிரியரிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்டுவிட்டுப் போங்கள்: "உங்கள் முதல் வகுப்பில் எந்த எழுத்தில் குழந்தைகள் தடுமாறுகிறார்கள்?" உங்கள் மாணவர்கள் தைக்க வேண்டிய முதல் பக்கம் அந்தப் பதிலில் இருக்கிறது.